பாடம் நடத்த வாங்கிய எந்திரம்

போன பொங்கலுக்கு என் அக்கா மகன் பாரீஸிலிருந்து புதுச்சேரி வந்திருந்தான். வயது ஐம்பதை நெருங்குகிறது, தலை முழுக்க நரை. வந்த மறுநாள் காலை பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த ஒரு கருப்பு எந்திரத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். டைப்ரைட்டரை அமுக்கித் தட்டையாக்கியது போல இருந்தது. விசைகளெல்லாம் ரப்பர்.

"மாமா, இது ஞாபகம் இருக்கா? எம்.ஓ.5. நான் சின்னப் பையனா வக்கான்ஸுக்கு வந்தப்ப உங்ககிட்ட ஓயாம பேசுவேனே, அது!"

நன்றாக ஞாபகம் இருந்தது. 1986-ஆம் வருஷம் கோடை விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயதுப் பையன், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஆமை ஓடும், "முன்னே 50, வலது பக்கம் 90" என்று பிரெஞ்சில் கட்டளை போட்டால் கோடு கிழிக்கும் என்றெல்லாம் சொன்னான். "அதுல விளையாட்டு உண்டாடா?" என்று கேட்டேன். "இருக்கு மாமா, ஆனா பள்ளிக்கூடத்துல விடமாட்டாங்க" என்றான். நான் சிரித்துவிட்டு, அதுதான் சரி என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சு மொழியில் நடந்தது. வேலைக்குப் போனபின் அந்த மொழி அவ்வளவாகப் பயன்படவில்லை. ஓய்வு பெற்றபின் எதிர்பாராத ஒரு விதத்தில் பயன்பட்டது. 1980களில் வந்த பிரெஞ்சுக் கணினிப் பத்திரிகைகளைப் பழைய ஆர்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மருமகன் ஊருக்குத் திரும்பியபின் மூன்று மாதம் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்து, அமெரிக்காவின் பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பிரான்ஸின் கதை நம் பக்கம் அவ்வளவாகத் தெரியாது.

முதலில் பெயர். கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சில் 'ஒர்தினாத்தர்'. 1955-இல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை தங்கள் புது எந்திரத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்க, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் கடிதம் எழுதிக் கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்துகிறவர் என்று கடவுளுக்குச் சொல்லிவந்த பழைய அடைமொழியை எந்திரத்துக்கு எடுத்துக் கொடுத்தார். நாம் கணினி, கணிப்பொறி என்று பல காலம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் ஒரு கடிதத்தில் முடித்துவிட்டார்கள்.

சொல் மட்டும் சொந்தமாக இருந்தால் போதாது, எந்திரமும் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு இருந்தது. தாம்ஸன் கம்பெனி 1982-இல் தேசியமயமாக்கப்பட்டது. அதே ஆண்டின் கடைசியில் அதன் முதல் வீட்டுக் கணினி டி.ஓ.7 கடைக்கு வந்தது. டி.ஓ. என்றால் 'தொலைக்காட்சிக் கணினி' என்பதன் முதலெழுத்துக்கள். 1984-இல் டி.ஓ.7/70, எம்.ஓ.5 என்று இரண்டு புது எந்திரங்கள். என் மேசைமேல் வந்து உட்கார்ந்தது இரண்டாவது.

இவற்றின் உள்ளே இருப்பது மோட்டரோலாவின் 6809 என்ற சிப். அதை உரிமம் வாங்கி தாம்ஸனே பிரான்ஸில் தயாரித்தது. மட்டமான சிப் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடிய 'டிஃபெண்டர்' எந்திரத்தின் மூளை இதே 6809தான். வெக்ட்ரெக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியிலும் இதே குடும்பம்தான். எம்.ஓ.5-இல் 48 கிலோபைட் நினைவகம், குறுக்கே 320, நெடுக்கே 200 புள்ளி, 16 நிறம். வேகம் 1 மெகாஹெர்ட்ஸ். விசைப்பலகை பிரெஞ்சு வரிசையில் இருக்கும். எழுத்தின் தலையில் வரும் கோடுகளுக்கென்றே தனியாக ஒரு விசை உண்டு. இங்கிலாந்து எந்திரங்கள் அந்தக் கோடுகளைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. பிரெஞ்சு டிக்டேஷன் எழுதி, ஒரு கோடு விட்டதற்கு மதிப்பெண் இழந்தவனுக்குத்தான் அந்த விசையின் அருமை தெரியும்.

இன்னொரு விசேஷம் ஒளிப்பேனா. டி.ஓ.7-இல் அது எந்திரத்தின் மேல்புறத்திலேயே ஒரு மூடிக்குள் படுத்திருக்கும். எம்.ஓ.5-க்குத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பேனாவைத் தொலைக்காட்சித் திரைமேல் வைத்து அழுத்தினால், எந்த இடத்தைத் தொட்டோம் என்று எந்திரத்துக்குத் தெரியும். மாயம் ஒன்றும் இல்லை. பழைய பிக்சர் ட்யூபில் ஓர் எலெக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வினாடிக்கு 50 தடவை திரையைத் தடவிப் போகும். பேனாவின் முனையில் இருக்கும் கண் அந்தக் கதிர் கடக்கும் கணத்தைப் பிடிக்கும். கதிர் கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எண்ணினால் இடம் கிடைத்துவிடும். 'பிக்தோர்' என்ற கார்ட்ரிட்ஜைச் செருகிக் குழந்தைகள் திரையில் படம் வரைந்தார்கள். இப்போது தொடுதிரையில் விரல் வைத்து இழுக்கிறோமே, அதை 1982-லேயே செய்தார்கள்.

இனி அரசாங்கத்தின் முறை. 1985 ஜனவரி 25 அன்று பிரதமர் லொரான் ஃபாபியுஸ் 'எல்லாருக்கும் கணினியியல்' என்ற திட்டத்தை அறிவித்தார். 1,20,000-க்கும் மேற்பட்ட எந்திரங்கள், 50,000 கல்வி நிலையங்கள், 1,10,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி. செலவு 180 கோடி ஃபிராங்க். வகுப்பு முடிந்தபின் அக்கம்பக்கத்துப் பொதுமக்களும் வந்து பழகலாம் என்பது எண்ணம். திட்டத்தை ஒருங்கிணைக்கப் போட்டவர் ழில்பேர் த்ரிகானோ. விடுமுறை உல்லாசக் கிராமங்கள் நடத்தும் கிளப் மெட்-டின் தலைவர் அவர். அந்தப் பதவிக்கு ஐ.ஏ.எஸ். மாதிரி ஓர் அதிகாரியைத்தான் போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

எந்த எந்திரத்தை வாங்குவது என்பதில் பெரிய இழுபறி. ழான்-ழாக் செர்வான்-ஷ்ரைபெர் என்ற பத்திரிகையாளர், அரசியல்வாதி, ஆப்பிளின் மெக்கின்டாஷ் வேண்டும் என்றார். ஆப்பிளோடு பேச்சுவார்த்தையும் நடந்தது. கடைசியில் சொந்த நாட்டுத் தொழிற்சாலையே வென்றது. பள்ளிகளுக்குப் பெரும்பாலும் தாம்ஸன் எந்திரங்கள் போயின. 'நானோ-ரெஸோ' என்று ஓர் ஏற்பாடு: நெகிழ்வட்டு உள்ள ஒரு பெரிய கணினி நடுவில், அதிலிருந்து கம்பி வழியாகப் பாடம் வாங்கிக்கொள்ளும் எம்.ஓ.5-கள் சுற்றிலும். ஒரு வகுப்புக்கு ஆறு என்பது வழக்கமான கணக்கு. என் மருமகன் பார்த்த ஆமை அப்படித்தான் வந்தது.

நாமும் அந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1984-இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கியது. சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ வந்தது. சொந்த எந்திரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் நிலையில் நாம் அன்றைக்கு இல்லை.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். எம்.ஓ.5-க்கு விளையாட்டு சரியாக வராது என்று பத்திரிகைகள் அன்றே எழுதின. காரணமும் சொன்னார்கள். ஒன்று, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இஷ்டப்பட்ட நிறம் கொடுக்க முடியாது. குறுக்கே எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டே நிறம். மஞ்சள் சட்டைக்காரன் பச்சை மரத்துக்கு முன்னால் நடந்து போனால் ஓரம் பிசிறடிக்கும். இரண்டு, பொம்மைகளைத் தானாக நகர்த்தும் வன்பொருள் கிடையாது. கமோடோர் 64-இல் அது உண்டு. மூன்று, உள்ளே இருக்கும் ஒலி வெறும் கீச்சொலி. நான்கு, ஜாய்ஸ்டிக் செருக இடம் இல்லை. அதற்கு 'விளையாட்டு, இசை' என்று ஒரு தனிப் பெட்டி காசு கொடுத்து வாங்க வேண்டும்.

எல்லாம் உண்மை. ஆனால் பழைய பத்திரிகைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 1982-இல் இங்கிலாந்தில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பொம்மை நகர்த்தும் வன்பொருள் இல்லை. அதிலும் ஒலி கீச்சொலிதான். அதிலும் ஜாய்ஸ்டிக்குக்குத் தனிப் பெட்டிதான் வாங்க வேண்டும். விசையும் அதே ரப்பர். நிறத்தில் இன்னும் மோசம்: குறுக்கே எட்டு, நெடுக்கே எட்டு என்று 64 புள்ளிக் கட்டத்துக்கு இரண்டே நிறம். எம்.ஓ.5-இன் பிசிறு அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் ஸ்பெக்ட்ரமுக்கு ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் வந்தன. இன்றைக்கும் அதற்குப் புது விளையாட்டு எழுதுகிறார்கள்.

ஸ்பெக்ட்ரமுக்கு ஒரு சாதகம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதன் திரைப்படம் மொத்தம் 6,912 பைட். எம்.ஓ.5-இல் புள்ளிகளுக்கு 8,000, நிறங்களுக்கு 8,000, ஆக 16,000 பைட். 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு. தொலைக்காட்சியின் ஒரு படத்துக்கு, அதாவது 50-இல் ஒரு வினாடிக்கு, 20,000 துடிப்புதான் கையில். ஒரு பைட்டை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கவே பல துடிப்புகள் ஆகும். திரை முழுவதையும் நகர்த்திக்கொண்டே ஓடும் விளையாட்டை இதில் எழுதுவது, ஒரே ஆள் ஒரு நாளில் முழு அலுவலகத்தின் தபாலையும் பதிவு செய்வது மாதிரி. ஆகவே கெட்டிக்காரர்கள் திரையை நகர்த்தவில்லை. ஓர் அறையை வரைந்து நிறுத்திவிட்டு அதற்குள் ஆளை மட்டும் நடக்க விட்டார்கள். அறைக் கதவைத் தாண்டினால் அடுத்த படம்.

இந்த இடைஞ்சல் வேலையைக் கடினமாக்கியிருக்கும், முடியாததாக்கியிருக்காது. வேறென்ன காரணம்?

எனக்குத் தோன்றியது இதுதான். ஸ்பெக்ட்ரமின் சிப் இஸட்80. 1984-இல் வந்த ஆம்ஸ்ட்ராட் சி.பி.சி.யின் சிப்பும் இஸட்80. ஒன்றுக்கு எழுதியதைப் பாதி உழைப்பில் மற்றதற்கு மாற்றலாம். தாம்ஸனின் 6809-க்கு அண்டை வீடுகள் குறைவு. அதோடு, தாம்ஸன் எந்திரம் பிரான்ஸுக்கு வெளியே அதிகம் போகவில்லை. லண்டனிலோ மான்செஸ்டரிலோ உட்கார்ந்திருக்கும் கம்பெனி இதற்காக ஏன் மெனக்கெட வேண்டும்? ஆம்ஸ்ட்ராட்டோ பெட்டிக்குள்ளேயே கேசட் ஓட்டி, கூடவே திரை, மூன்று குரலில் பாடும் ஒலிச் சிப், ஜாய்ஸ்டிக் செருகும் இடம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது. பிரான்ஸில் அது அமோகமாக விற்றது. அப்பா வாங்கிக் கொடுப்பார், பிள்ளை தேர்ந்தெடுக்கும். எம்.ஓ.5-ஐ அரசாங்கம் தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் நான் அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்தால் நேர்மையாகாது. முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதியவன் நான். அந்தக் கொள்முதல் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? உள்நாட்டுத் தயாரிப்பா, மொழிக்கு ஏற்ற விசைப்பலகையா, பழுதானால் பார்க்க ஆள் உண்டா, விலை என்ன என்று வரிசையாக எழுதியிருப்பேன். 'இதில் பிள்ளைகள் விளையாட முடியுமா' என்ற வரி என் பேனாவில் வந்திருக்காது. வந்திருந்தால் மேலதிகாரி அடித்திருப்பார்.

விளையாட்டு முக்கியமா என்று கேட்கலாம். பி.பி.சி. மைக்ரோவும் பள்ளிக்கூடத்துக்காகவே பேர் வாங்கிய எந்திரம்தான். நினைவகம் 32 கிலோபைட்தான். அதில்தான் 1984-இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலீட்' எழுதினார்கள். எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலங்கள், அவற்றுக்கிடையே கப்பல் ஓட்டி வியாபாரம். அத்தனை ஊரையும் நினைவகத்தில் வைக்க இடமில்லை. ஆகவே ஒரு சிறு எண்ணிலிருந்து கணக்குப் போட்டு ஊர்களை அவ்வப்போது உண்டாக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அதில் இருக்கும் கணிதத்தை எந்தப் பாடத்திட்டம் சொல்லிக் கொடுத்தது?

பிரான்ஸிலும் அது நடந்தது. யாரும் கேட்காமலே நடந்தது. லியோனில் ப்ருனோ போனெல், கிறிஸ்தோஃப் சப்பே என்ற இருவர் 1983-இல் இன்ஃபோகிராம் கம்பெனியைத் தொடங்கினார்கள். போனெல் அதற்கு முன் தாம்ஸனின் டி.ஓ.7-ஐச் சந்தைப்படுத்தும் வேலையில் இருந்தவர். கம்பெனி தொடக்க காலத்தில் டி.ஓ.7-க்கு விளையாட்டுகள் எழுதி விற்றது. பின்னாளில் அதே கம்பெனி அமெரிக்காவின் அடாரி என்ற பெயரையே விலைக்கு வாங்கி, 2009-இல் தன் பெயரையும் அடாரி என்று மாற்றிக்கொண்டது.

லோரிசியெல் என்று இன்னொரு கம்பெனி. மென்பொருளுக்கான பிரெஞ்சுச் சொல்லையும் ஒரிக் என்ற இங்கிலாந்துக் கணினியின் பெயரையும் முடிச்சுப் போட்ட பெயர். ஒரிக் தன் சொந்த நாட்டைவிட பிரான்ஸில் செல்வாக்காக இருந்தது. அதில் 1984-இல் லூயி-மாரி ரோக் எழுதிய 'தங்கக் கழுகு' ஒரு கோட்டைக்குள் அறை அறையாகத் தேடிப் போகும் விளையாட்டு. பிறகு தாம்ஸனுக்கும் வந்தது. திரை நகராது என்று சொன்னேனே, இதில் அது குறையாகவே தெரியாது. கோட்டையில் அறைகள்தானே இருக்கும்!

என் மருமகன் கொண்டுவந்தது 'சாப்பியென்ஸ்'. தீதியே, ஒலிவியே கியோன் என்ற இருவர் 1986-இல் எம்.ஓ.5-க்கும் டி.ஓ.7/70-க்கும் எழுதியது. லோரிசியெல் வெளியிட்டது. கற்கால மனிதன் ஒருவன். தண்ணீர் தேட வேண்டும், சாப்பாடு தேட வேண்டும், கல்லைக் கொத்தி ஆயுதம் செய்ய வேண்டும், வழியில் பார்க்கும் மனிதர்களோடு பேச வேண்டும். சுட்டுத்தள்ளும் விளையாட்டு அல்ல. முதலில் தாம்ஸனில் பிறந்து, அப்புறம்தான் ஆம்ஸ்ட்ராட்டுக்கும் மற்றவற்றுக்கும் போயிற்று. அண்டை வீடு குறைவான எந்திரத்திலிருந்து ஒன்று வெளியே குடிபோனது என்பதே பெரிய விஷயம்.

எங்கள் ஊர்க்காரனுக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் 'மெவிலோ' என்று ஒரு விளையாட்டு ஆம்ஸ்ட்ராட், அடாரி எஸ்.டி. முதலிய எந்திரங்களுக்கு வந்தது. செய்தவர் மார்த்தினிக் தீவில் பிறந்த முரியெல் த்ராமிஸ் என்ற பெண். வசனத்தில் உதவியவர் பின்னாளில் கோன்கூர் பரிசு பெற்ற எழுத்தாளர் பத்ரிக் ஷமுவாஸோ. கதை நடப்பது 1902-இல், மார்த்தினிக்கின் சேன்-பியேர் நகரில். அந்த ஆண்டு மே 8 அன்று பெலே எரிமலை வெடித்து ஊரே அழிந்தது, ஏறத்தாழ 28,000 பேர் இறந்தார்கள். அதற்குச் சில நாட்கள் முந்திய ஊரில் நம்மை இறக்கிவிட்டு, அடிமைக் காலத்து ரகசியம் ஒன்றைத் தேட விடுகிறார்கள். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் பகுதியிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் தமிழர்கள் கப்பலேறிப் போன தீவு அது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் நம்மவர்களைக் கொண்டுபோனார்கள். எங்கள் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் பிரான்ஸின் அரசர்கள் எல்லாரும் இருந்தார்கள், இந்தக் கப்பல்கள் இல்லை. த்ராமிஸுக்கு 2018-இல் பிரெஞ்சு அரசு லெஜியோன் தொனேர் விருது கொடுத்தது.

பள்ளித் திட்டம் தோற்றது என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஆசிரியர்களுக்கு விடுமுறையில் சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? பல பள்ளிகளில் எந்திரத்துக்கு உறை போட்டுப் பூட்டிவைத்தார்கள். அதற்குள் ஐ.பி.எம். வகைக் கணினிகள் உலகத்தைப் பிடித்தன. 1980கள் முடிவதற்குள் தாம்ஸன் வீட்டுக் கணினித் தொழிலையே விட்டுவிட்டது. தோல்வி என்பதை நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் பழகிய எந்திரம் என்று வீட்டுக்கும் வாங்கிய பெற்றோர் உண்டு. என் அக்கா வீட்டில் அப்படித்தான் வாங்கினார்கள். வாங்கிய வீடுகள் இருந்ததால்தான் எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்து கற்றது பெரும்பாலும் வீட்டில், பள்ளி விட்ட பிறகு. 'எப்தோஜிசியெல்' என்ற வாரப் பத்திரிகையில் வாசகர்கள் எழுதிய நிரல்களை வரி வரியாக அச்சிடுவார்கள். பையன்கள் அதைப் பார்த்து மணிக்கணக்காகத் தட்டுவார்கள். ஒரு கால்புள்ளி விட்டுப்போனால் ஓடாது. எங்கே தவறு என்று தேடும்போதுதான் பேசிக் மொழி மண்டையில் ஏறும்.

உறை போட்டுப் பூட்டுவது என்று எழுதியதும் எனக்கு உறைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். சாவி என்னிடம். புதிதாகச் சேர்ந்த ஓர் இளநிலை எழுத்தர், மதிய உணவு நேரத்தில் அதில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஆடிக்கொண்டிருந்தான். வெள்ளை உடுப்புப் பையன் ஒருவன் முள் குழிகளைத் தாண்டித் தாண்டிப் போவான், பார்த்திருப்பீர்கள். அரசுச் சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக அவனுக்கு மெமோ கொடுத்தேன். விளக்கம் எழுதிக் கொடுத்தான், மன்னிப்பும் கேட்டான். அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் அவன் போகவே இல்லை. மாதச் சம்பளப் பட்டியல் திரையில் நின்றுபோய் நாங்கள் விழித்தபோது அவனைக் கூப்பிட்டேன். "எனக்குத் தெரியாதுங்க சார்" என்றான். தெரியும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த அலுவலகத்தில் நெகிழ்வட்டைப் போட்டு, கோப்பைத் தேடி, நிரலை ஓட விடத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அதை அவன் எங்கள் பயிற்சி வகுப்பில் கற்கவில்லை. அந்த விளையாட்டே ஆப்பிள் 2 என்ற வீட்டுக் கணினிக்காக ஜோர்டன் மெக்னர் எழுதி 1989-இல் வெளிவந்தது என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

பொங்கலுக்கு வருகிறேன். எம்.ஓ.5-இன் கம்பி முனையில் இருந்தது 'பெரிதெல்' என்ற பட்டையான செருகி. பிரான்ஸில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு 1980களின் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கப்பட்ட இணைப்பு. நம் டிவியில் அது ஏது? மருமகன் விவரமானவன், மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தான். திரையில் 'பேசிக் 1.0' என்றும், கூடவே மைக்ரோசாஃப்ட் பெயரும் வந்தன. சொந்த எந்திரம் என்று அத்தனை பிடிவாதம் பிடித்தும் மொழி அமெரிக்காவிலிருந்துதான் வந்திருக்கிறது. கேசட்டைப் போட்டு நாலைந்து நிமிஷம் காத்திருந்தோம். இரண்டு தடவை பிழை என்றது, மூன்றாவது தடவை கற்கால மனிதன் வந்தான். என் பேத்தி, செல்போனில் பெரிய பெரிய விளையாட்டெல்லாம் ஆடுகிறவள், "இவனுக்கு ஏன் தாத்தா பக்கத்துல வந்தா கலர் ஒட்டிக்குது?" என்று கேட்டாள். எட்டுப் புள்ளிக் கணக்கை ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டாள். அரை மணி நேரம் அவனுக்குத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தாள், கிடைக்கவில்லை, செத்துப்போனான். மறுபடி ஏற்றச் சொன்னாள்.

ஒளிப்பேனா மட்டும் வேலை செய்யவில்லை. தட்டைத் திரையில் தடவிப் போகும் கதிர் கிடையாது. பேனா எதைப் பிடிக்கும்? மருமகன் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய பிக்சர் ட்யூப் டிவி கிடைக்குமா என்று என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தான். இரண்டு கிடைத்தன, இரண்டும் எரியவில்லை. எந்திரத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். வருகிற ஆகஸ்டில் வரும்போது இன்னும் நாலு கேசட் கொண்டுவருகிறானாம். அதற்குள் யாரிடமாவது ஓடுகிற பழைய டிவி இருந்தால், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லி அனுப்புங்கள்.